புகையா, புழுதியா, மேகமா? செயற்கைக்கோள் படம் பார்க்கப் பழகுவோருக்கு ஒரு வழிகாட்டி

காட்டுத்தீப் புகை ஆயிரம் கிலோமீட்டர் கடந்து வந்து ஒரு நகரத்தை மூடுவதையும், பாலைவனப் புழுதி கடல் தாண்டிப் போவதையும் வீட்டில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். காசு வேண்டாம், கணக்குத் தொடங்க வேண்டாம், எந்த மென்பொருளும் இறக்க வேண்டாம். ஒரு பிரவுசரும் ஓரளவு நல்ல இணையமும் போதும். போனிலும் முடியும்தான். ஆனால் பழகும்வரை லேப்டாப்பில் பார்ப்பது நல்லது; இரண்டு படங்களை அருகருகே வைத்து ஒப்பிட சின்னத் திரை ஒத்துவராது.

படத்தைத் திறப்பது ஐந்து நிமிட வேலை. அதில் தெரிகிற சாம்பல் திட்டு புகைதானா, புகை என்றால் எங்கிருந்து கிளம்பியது, கீழே இருப்பவர்கள் அதைச் சுவாசிக்கிறார்களா, இல்லை ஐந்து கிலோமீட்டர் உயரத்தில் அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறதா என்று சொல்வதில்தான் சிக்கல். ஒற்றைப் படத்தை வைத்து இதையெல்லாம் சொல்ல முடியாது. அதனால் கீழே வரும் படிகள் பெரும்பாலும் ஒரு படம் சொன்னதை இன்னொன்றை வைத்துச் சோதிப்பதாகவே இருக்கும்.

எந்தச் செயற்கைக்கோள், எத்தனை மணிக்கு?

இரண்டு வகை இருக்கின்றன. முதல் வகை துருவத்துக்குத் துருவம் சுற்றுபவை. டெர்ரா, அக்வா என்ற இரண்டிலும் இருப்பது மோடிஸ் என்ற கருவி. சுவோமி என்பிபி, நோவா-20, நோவா-21 மூன்றிலும் இருப்பது வியர்ஸ் என்ற கருவி. இவை பகலில் ஒருமுறை, இரவில் ஒருமுறை என ஒரே இடத்தைக் கடக்கும். படம் துல்லியமாக இருக்கும்: மோடிஸில் 250 மீட்டர்வரை, வியர்ஸில் 375 மீட்டர்வரை. டெர்ரா காலை பத்தரை வாக்கிலும் மற்றவை மதியம் ஒன்றரை வாக்கிலும் கடக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தந்த ஊர் நேரப்படி. சமீப ஆண்டுகளில் டெர்ரா கொஞ்சம் முந்தியும் அக்வா கொஞ்சம் பிந்தியும் வருகின்றன. 1999-லும் 2002-லும் ஏவப்பட்ட இவை இரண்டும் ஓய்வை நெருங்கிவிட்டன. புதிதாகப் பழகுபவர்கள் வியர்ஸ் படங்களிலேயே கண்ணைப் பழக்கிக்கொள்வது புத்திசாலித்தனம்.

இரண்டாவது வகை புவிநிலைச் செயற்கைக்கோள்கள். நிலநடுக்கோட்டுக்கு மேலே, சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில், ஒரே இடத்தையே பார்த்துக்கொண்டு நிற்பவை. அமெரிக்கக் கண்டங்களுக்கு கோஸ், ஆசியாவின் கிழக்குப் பகுதிக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் ஜப்பானின் ஹிமாவாரி-9, ஐரோப்பாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் மீட்டியோசாட், இந்தியாவுக்கு இன்சாட்-3டிஆர், 3டிஎஸ். இவற்றில் நுணுக்கம் குறைவு. ஆனால் பத்து நிமிடத்துக்கோ, பதினைந்து நிமிடத்துக்கோ, அரை மணிக்கோ ஒரு படம் வந்துகொண்டே இருக்கும். புகை நகர்வதைப் படமாக ஓட்டிப் பார்க்க இவைதான் வேண்டும்.

எல்லாத் தளங்களிலும் நேரம் யுடிசி என்ற உலகப் பொது நேரக் கணக்கில் இருக்கும். இந்திய, இலங்கை நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் கூட்டுங்கள். சிங்கப்பூர் என்றால் எட்டு மணி நேரம். டொரோன்டோவில் கோடைக்காலத்தில் நான்கு மணி நேரம் கழிக்க வேண்டும்.

பழைய சம்பவத்தில் கையைப் பழக்குங்கள்

இன்றைய படத்தில் தொடங்காதீர்கள். என்ன நடந்தது என்று ஏற்கெனவே தெரிந்த ஒரு சம்பவத்தை எடுத்துக்கொண்டால் நீங்கள் சொல்வது சரியா தப்பா என்று உடனே சரிபார்க்கலாம். புகைக்கு நான் சிபாரிசு செய்வது 2023 ஜூன் மாதம், கனடாவின் கியூபெக் மாகாணம். அந்த ஆண்டு கனடாவில் ஒன்றரைக் கோடி ஹெக்டேருக்கு மேல் காடு எரிந்தது. ஜூன் 7 அன்று நியூயார்க் நகரத்து வானம் ஆரஞ்சு நிறமாக மாறியது உங்களுக்கு நினைவிருக்கலாம். டொரோன்டோவில் இருந்த நம்மவர்களுக்குப் புகைநெடியே நினைவிருக்கும்.

நாசா வேர்ல்டுவியூ என்று கூகுளில் தேடித் தளத்தைத் திறங்கள். இடப்பக்கம் அடுக்குகளின் பட்டியல் இருக்கும். ஒவ்வொரு அடுக்கும் ஒரு கண்ணாடித் தாள் மாதிரி. மேலே இருப்பது கீழே இருப்பதை மறைக்கும், கண் அடையாளத்தைத் தொட்டால் மறையும், மறுபடி தொட்டால் வரும். திரையின் அடியில் தேதிப் பட்டை. அதில் 2023 ஜூன் 1 என்று வைத்து, வரைபடத்தைக் கியூபெக்கிலிருந்து நியூயார்க்வரை தெரிகிற அளவுக்கு நகர்த்துங்கள். அப்புறம் 'ஆட் லேயர்ஸ்' பொத்தானை அழுத்தி, வியர்ஸ் கருவியின் இயற்கை நிறப் படத்தைச் சேருங்கள். 'கரெக்டட் ரிஃப்ளெக்டன்ஸ், ட்ரூ கலர்' என்ற பெயரில் இருக்கும்.

இப்போது தேதியை ஒவ்வொரு நாளாக முன்னே தள்ளுங்கள். அவசரப்பட வேண்டாம். மாதத் தொடக்கத்தில் மின்னல்கள் பற்றவைத்த தீக்கள் இவை. கியூபெக் காடுகளின் கரும்பச்சை மேல் மெல்லிய கீற்றுகள் தனித்தனியே கிளம்புவதைப் பார்க்கலாம். ஒரு புள்ளியில் கூராகத் தொடங்கி, போகப் போக அகலமாகி, ஓரங்கள் கலைந்து மங்கும். நிறம் நீலம் கலந்த சாம்பல். நாளாக ஆகக் கீற்றுகள் ஒன்றோடொன்று சேர்ந்து பழுப்பேறிய போர்வையாகிவிடும்.

ஜூன் 6, 7 தேதிகளுக்கு வரும்போது புகையை விட்டுவிட்டு ஒருகணம் மேகத்தைப் பாருங்கள். மெய்ன், நோவா ஸ்கோஷியா பக்கம் கடலோரத்தில் மேகங்கள் பெரிய சுழலாகச் சுற்றியிருக்கும். அது ஒரு காற்றழுத்தத் தாழ்வு. வட அரைக்கோளத்தில் தாழ்வைச் சுற்றிக் காற்று கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் வீசும் என்பதால், அதன் மேற்குப் பக்கம் வடக்கிலிருந்து தெற்கே காற்று இறங்கும். கியூபெக்கின் புகை அகப்பட்டது அந்த மேற்குப் பக்கக் காற்றில்தான். தாழ்வு வழக்கம்போல் நகர்ந்து போயிருந்தால் புகை அட்லாண்டிக் பக்கம் போயிருக்கும். அது நகராமல் நின்றதால் நியூயார்க், பென்சில்வேனியா என்று தெற்கே இறங்கிக்கொண்டே இருந்தது. புகையை மட்டும் பார்க்கிறவருக்கு இது தெரியாது. மேகச் சுழலையும் சேர்த்துப் பார்த்தால் நாளைக்குப் புகை எந்தப் பக்கம் போகும் என்று ஓரளவு ஊகிக்கவும் முடியும்.

இன்னொரு சின்ன வேலை. வேர்ல்டுவியூவில் தூரம் அளக்கும் அளவுகோல் ஒன்று இருக்கிறது. ஜூன் 6 அன்று மக்களை வெளியேற்ற வேண்டி வந்த ஷிபூகமோ என்ற ஊரிலிருந்து நியூயார்க்வரை இழுத்துப் பாருங்கள். ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர் வரும். ஒரு நாள் படத்தில் புகையின் முன்விளிம்பு எங்கே, மறுநாள் எங்கே என்று அளந்து 24-ஆல் வகுத்தால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் வேகத்தில் வந்தது என்று கிடைத்துவிடும்.

நெருப்புப் புள்ளிகள்: உதவும், ஏமாற்றவும் செய்யும்

புகையின் மூலத்தைக் கண்டுபிடிக்க, அதே பட்டியலில் 'ஃபயர்ஸ் அண்ட் தெர்மல் அனாமலீஸ்' என்ற அடுக்கைச் சேருங்கள். வரைபடத்தின் மேல் சிவப்புப் புள்ளிகள் விழும். இதையே தனித் தளமாக நாசா ஃபர்ம்ஸ் என்ற பெயரில் தருகிறது. செயற்கைக்கோள் கடந்துபோன பிறகு மூன்று மணி நேரத்துக்குள் புள்ளிகள் ஏறிவிடும். கீற்றின் கூர்முனையில் புள்ளி இருந்தால் அது புகை என்ற சந்தேகம் பாதி தீர்ந்தது.

மீதிப் பாதியில்தான் ஆட்கள் தடுக்கி விழுகிறார்கள். சிவப்புப் புள்ளி என்பது சுற்றுப்புறத்தைவிட மிகச் சூடான ஒரு கட்டம், அவ்வளவுதான். கட்டம் 375 மீட்டருக்கு 375 மீட்டர் இருக்கலாம். உள்ளே எரிவது கால் ஏக்கராகவும் இருக்கலாம். புள்ளி விழுவது கட்டத்தின் நடுவில். தீ சரியாக அங்கேதான் இருக்க வேண்டும் என்றில்லை. குவைத்தையும் பாஸ்ராவையும் சுற்றி தினம் தினம் அதே இடத்தில் புள்ளிகள் இருக்கும். எண்ணெய்க் கிணறுகளில் வாயுவை எரிக்கிற சுடர்கள் அவை. இரும்பு உருக்கு ஆலை, எரிமலை, சில நேரம் வெயில் பட்டுப் பளிச்சிடும் கூரைகூடப் புள்ளியாக விழும். ஆகவே ஒரு வாரம் பின்னோக்கிப் போய்ப் பாருங்கள். அதே இடத்தில் அசையாமல் நிற்கிற புள்ளியைச் சந்தேகிக்கலாம்; காட்டுத்தீ என்றால் நாளுக்கு நாள் பரவி நகரும்.

புள்ளி இல்லை என்றால் தீ இல்லை என்றும் சொல்ல முடியாது. மேல் மேகம் மூடியிருந்தால் தெரியாது. கரிச்சதுப்பு நிலத்தில் மண்ணுக்கடியில் கனன்றுகொண்டிருக்கும் தீயும் அப்படித்தான்: வெப்பம் குறைவு, புகை ஏராளம். 2013 ஜூன் 21 அன்று சிங்கப்பூரில் மாசுக் குறியீடு 401-ஐத் தொட்ட புகைமூட்டம் சுமத்ராவின் அந்த மாதிரி நிலங்களிலிருந்து வந்தது. அங்கே புள்ளிகளை எண்ணிப் புகையை அளக்கப் போனால் கணக்கு எப்போதும் குறைவாகத்தான் வரும்.

அடுத்து, நேரம். பஞ்சாப், ஹரியானாவில் அக்டோபர், நவம்பர் மாதங்களில் நெல் அறுவடைக்குப் பிறகு வயலில் நிற்கும் தாளை எரிப்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். புள்ளிகளின் எண்ணிக்கை சமீப ஆண்டுகளில் வெகுவாகக் குறைந்தது. ஆனால் தென்கொரியாவின் புவிநிலைச் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்த நாசா ஆய்வாளர் ஒருவர், மதியச் செயற்கைக்கோள்கள் கடந்துபோன பிறகே அங்கே புகை கூடுகிறது என்று 2024-ல் சுட்டிக்காட்டினார். ஒன்றரை மணிக்கு எடுத்த படத்தில் நான்கு மணித் தீ எப்படித் தெரியும்? எண்ணிக்கையைப் பற்றிப் பேசும் செய்தியைப் படித்தால் எந்தச் செயற்கைக்கோள், எத்தனை மணிக்கு என்று கேட்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

மேகத்தைப் பிரித்தெடுப்பது

மேகம் பளீரென்று வெள்ளையாக, புடைப்போடு, பெரும்பாலும் பக்கத்தில் நிழலோடு இருக்கும். புகை வழவழப்பாக, அடியில் இருக்கும் ஆறும் சாலையும் லேசாகத் தெரியும்படி இருக்கும். இதை வைத்தே பத்தில் ஏழெட்டுத் தடவை பிரித்துவிடலாம். மெல்லிய உயர மேகமும் பழைய புகையும் கலந்து கிடக்கும்போதுதான் கண் தோற்கும்.

அதற்கு ஒரு வழி இருக்கிறது. மோடிஸில் '7-2-1' என்ற பொய்நிறப் படத்தை, அதாவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் நிறமாக்கிக் காட்டும் படத்தைச் சேருங்கள்; வியர்ஸில் அதே வேலையைச் செய்வது 'எம்11-ஐ2-ஐ1'. இயற்கை நிறப் படத்தையும் இதையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மேலே இருப்பதை அணைத்து அணைத்துப் போடுங்கள். புகை ஏறக்குறையக் காணாமல் போய், அடியில் இருந்த காடு பச்சையாகத் தெரியும். மேகம் அப்படியே நிற்கும். பனிப்படிகங்கள் நிறைந்த உயர மேகம் வெளிர்நீலமாக மாறும். தீ எரிந்து முடிந்த நிலம் செம்பழுப்புத் தழும்பாகத் தெரியும். புகைத் துகள்கள் ஒரு மைக்ரானைவிட (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மிகச் சிறியவை. 2 மைக்ரான் அலைநீளமுள்ள அகச்சிவப்பு ஒளியை அவற்றால் பெரிதாகச் சிதறடிக்க முடியாது. மேகத் துளிகள் அளவில் பல மடங்கு பெரியவை என்பதால் தப்ப முடிவதில்லை. நான் முதலில் பழகிக்கொள்ளச் சொல்வது இந்த ஒரு சோதனையைத்தான். இயற்கை நிறப் படத்தை மணிக்கணக்கில் உற்றுப் பார்ப்பதைவிட இது பலன் தரும்.

ஓர் எச்சரிக்கை: பனிமூட்டமும் மாசும் கலந்து கங்கைச் சமவெளியில் குளிர்காலத்தில் கிடக்கும் கலவையை இது முழுசாகப் பிரித்துத் தராது. டிசம்பர், ஜனவரிப் படங்களில் வெள்ளையாகத் தெரிவது பெரும்பாலும் மூடுபனி, சாம்பலாகத் தெரிவது மாசு என்று எடுத்துக்கொண்டு மேலே போங்கள்.

புழுதி

கடல் மேல் புழுதி, பார்க்க மிக எளிது. 2020 ஜூன் நடுவில் சஹாராவிலிருந்து கிளம்பிய பெரும் புழுதிப் படலத்தைத் திறந்து பாருங்கள். ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் தொடங்கி, கருநீல அட்லாண்டிக் மேல் காவி நிறத்தில் ஒரு நீளமான நாக்கு நாளுக்கு நாள் மேற்கே நகரும். 22-ம் தேதி வாக்கில் புவேர்ட்டோ ரிக்கோவை மூடி, அந்த வாரக் கடைசியில் அமெரிக்காவின் வளைகுடாக் கரையைத் தொட்டது. ஐயாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பயணம். கடல் மேல் அங்கங்கே வெள்ளிப் பட்டைபோலப் பளபளப்பாக ஓர் இடம் தெரிந்தால் அதைப் புழுதி என்று எண்ணிவிட வேண்டாம். சூரிய ஒளி கடலில் பட்டுத் திரும்புகிற இடம் அது. நாள்தோறும் சுற்றுப்பாதையோடு இடம் மாறும்.

நம் பக்கத்துச் சம்பவம் வேண்டுமென்றால் 2022 ஜனவரி 22, 23. கராச்சியைத் தாக்கிய புழுதி அரபிக்கடல் வழியாக குஜராத்தையும் மும்பையையும் வந்தடைந்தது. மும்பைக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்து பார்த்தபோது வண்டிகள் மேல் வெள்ளைத் தூள் படிந்திருந்தது.

பாலைவனத்தின் மேல் புழுதியைப் பார்ப்பதுதான் பாடு. கீழே மணல், மேலேயும் மணல். இரண்டும் ஒரே நிறம். இரவு என்றால் இயற்கை நிறப் படமே கிடையாது. இதற்காகவே 'டஸ்ட் ஆர்ஜிபி' என்ற கலவைப் படம் இருக்கிறது. மூன்று அகச்சிவப்பு அலைநீளங்களை வைத்துச் செய்வதால் இரவும் பகலும் ஒரே மாதிரி வேலை செய்யும். புழுதி அதில் பளிச்சென்ற இளஞ்சிவப்பாக, மெஜந்தா நிறத்தில் தெரியும். மணலில் இருக்கும் சிலிக்கேட் கனிமங்கள் 10.8 மைக்ரான் கதிரை 12 மைக்ரானைவிட அதிகமாக உறிஞ்சுவதால், அந்த வித்தியாசத்தைச் சிவப்பு நிறத்துக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். தடித்த உயர மேகம் அடர் சிவப்பாகவும், மெல்லிய உயர மேகம் கறுப்பாகவும் வரும்.

இந்தப் படத்தை இந்தியாவுக்கும் வளைகுடாவுக்கும் பார்க்க இன்சாட்டை நாடிப் பயனில்லை. இந்தக் கலவைக்கு 8.7 மைக்ரான் அலைவரிசையும் வேண்டும். இன்சாட்-3டி வரிசையின் படக் கருவியில் அது இல்லை. இந்தியப் பெருங்கடலுக்கு மேலே 45.5 பாகை கிழக்கில் ஐரோப்பியர்கள் நிறுத்தியிருக்கும் மீட்டியோசாட்-9-ஐத் திறங்கள். யூமெட்சாட் நிறுவனத்தின் யூமெட்வியூ தளத்தில் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு படம் கிடைக்கும். ரியாத்திலோ குவைத்திலோ வேலை பார்க்கிறவர்கள் ஜூன், ஜூலை மாதங்களில் ஷமால் என்ற வடமேற்குக் காற்று வீசும்போது இதைத் திறந்தால் ஈராக்கிலிருந்து இளஞ்சிவப்பு அலை இறங்கி வருவதை வீட்டிலிருந்தே பார்க்கலாம்.

காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் இந்த நிறம் மங்கிவிடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மெல்லிய புழுதியும் பிடிபடாது.

இடிமழையின் கீழ்க்காற்று கிளப்பும் புழுதிச் சுவர் தனி ரகம். ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்தில் ஏப்ரல் முதல் ஜூன்வரை வரும் ஆந்தி இதுதான். 2018 மே 2 அன்று நூறு பேருக்கும் மேல் உயிரிழந்த புயல் மாலைக்கு மேல் வெடித்தது. மதியம் ஒன்றரை மணிப் படத்தில் அதைத் தேடினால் ஒன்றும் இருக்காது. சுவர் கிளம்பிய பிறகும் அது இடிமேகத்தின் குடைக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். இங்கே புவிநிலைச் செயற்கைக்கோளின் படங்களை வரிசையாக ஓட்டுவது ஒன்றே வழி. மேகத்திலிருந்து வெளியே பாயும் வில் வடிவ விளிம்பைத் தேடுங்கள்.

புகையா, புழுதியா என்று இன்னும் குழப்பமா?

இரண்டு அடுக்குகள் தீர்த்து வைக்கும். ஒன்று, காற்றில் மிதக்கும் துகள்களைப் புற ஊதா ஒளியை வைத்துக் கணக்கிடும் ஏரோசால் குறியீடு. சென்டினல்-5பி, சுவோமி என்பிபி போன்றவற்றிலிருந்து வருகிறது. ஒளியை உறிஞ்சும் துகள் இருந்தால் எண் ஏறும். வெறும் மேகம் என்றால் பூஜ்ஜியத்தை ஒட்டி நிற்கும். பளிச்சென்ற மணல் மேலும் மேகத்துக்கு மேலே மிதக்கிற புகையிலும் வேலை செய்யும். தரையை ஒட்டிக் கிடக்கும் படலத்தைத்தான் கோட்டை விட்டுவிடும்.

ஆனால் புகை, புழுதி இரண்டுமே ஒளியை உறிஞ்சுபவை. எனவே இரண்டாவதாகக் கார்பன் மோனாக்சைடு அடுக்கைப் போடுங்கள். எரியும்போது கார்பன் மோனாக்சைடு ஏராளமாக வரும். புழுதியில் அது கிடையாது. ஏரோசால் குறியீடும் ஏறி, கார்பன் மோனாக்சைடும் ஏறியிருந்தால் புகை. முதலாவது மட்டும் ஏறியிருந்தால் புழுதி என்று ஓரளவு தைரியமாகச் சொல்லலாம்.

ஏஓடி என்று ஒரு அடுக்கும் பார்ப்பீர்கள். காற்றில் துகள் எவ்வளவு ஒளியை மறைக்கிறது என்ற கணக்கு: 0.1 என்றால் தெளிந்த வானம், 1 என்றால் நல்ல மூட்டம். இதில் ஒரு பொறி உண்டு. புகை மிகவும் தடித்துவிட்டால் கணினி அதை மேகம் என்று நினைத்து அந்த இடத்தைக் காலியாக விட்டுவிடும். அடர் நிற வளையத்துக்கு நடுவே ஓட்டை தெரிந்தால் அங்கே காற்று சுத்தமாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நிலைமை மோசமாக இருப்பதே அங்கேதான் என்றுகூட இருக்கலாம்.

எந்த உயரத்தில்?

2023 ஜூனுக்கே திரும்புவோம். மாதத் தொடக்கத்தில் நியூயார்க் மக்களைக் கண்ணெரியவிட்டதும், மாதக் கடைசியில் அட்லாண்டிக் கடந்து போர்ச்சுகல், ஸ்பெயின் மேல் வந்து நின்றதும் கனடாவின் புகைதான். மேலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி சாம்பல் படலம். நியூயார்க்கில் அது தெருவில் இருந்தது. ஐபீரியாவில் பெரும்பகுதி உயரத்திலேயே போனது. வானம் மங்கி, சூரியன் சிவந்ததோடு சரி.

படத்திலேயே சில துப்புகள் உண்டு. புகை மேகத்தை மூடியிருந்தால் புகை உயரத்தில். மேகம் புகையை மூடியிருந்தால் தாழ்வில். மலைப் பள்ளத்தாக்குக்குள் ஆற்றின் வளைவைப் பின்பற்றிக் கிடக்கும் புகை தரையோடு இருக்கிறது என்று தயங்காமல் சொல்லலாம். தீயே கிளப்பிய இடிமேகம் ஒன்று புகைக்கு நடுவில் காலிஃபிளவர்போல வெள்ளையாக முளைத்திருந்தால், அந்தப் புகை பத்துக் கிலோமீட்டருக்கு மேல்கூட ஏறிவிடும்.

இன்னும் உறுதி வேண்டுமென்றால் ஹைஸ்பிளிட். அமெரிக்காவின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவா தரும் இலவச காற்றுப்பாதைக் கணிப்பு இது. உங்கள் ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகையைக் கொடுத்து, பின்னோக்கி 72 மணி நேரம் என்று தேர்ந்தெடுத்து, 500, 1,500, 3,000 மீட்டர் என மூன்று உயரங்களைக் கொடுங்கள். மூன்று வண்ணங்களில் மூன்று பாதைகள் வரும். 3,000 மீட்டர் பாதை மட்டும் தீப்பிடித்த காட்டைத் தொட்டு வருகிறது, 500 மீட்டர் பாதை கடலிலிருந்து வருகிறது என்றால், உங்கள் தலைக்கு மேல் புகை இருந்தாலும் நீங்கள் சுவாசிப்பது கடற்காற்றையே. பாதைகள் மூன்றும் மூன்று திசையில் பிரிந்து போவதைப் பார்த்து முதல் தடவை ஆச்சரியப்படாதவர்கள் குறைவு.

தரையில் கேளுங்கள்

கடைசிச் சாட்சி தரையில் இருக்கும் கருவி. இந்தியாவில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சமீர் செயலி, அமெரிக்காவில் ஏர்நவ் தளத்தின் தீ-புகை வரைபடம். மொத்தக் குறியீட்டு எண்ணைப் பார்த்துவிட்டு மூடிவிடாமல், பிஎம் 2.5 (2.5 மைக்ரான்வரையுள்ள நுண்துகள்), பிஎம் 10 (10 மைக்ரான்வரையுள்ள துகள்) இரண்டையும் தனித்தனியே பாருங்கள். புகை பொடித்துகள் என்பதால் பிஎம் 2.5 முந்திக்கொண்டு ஏறும். புழுதி என்றால் பிஎம் 10 எகிறும், பிஎம் 2.5 அந்த அளவுக்கு ஏறாது.

மாசுக் கருவி இல்லாத ஊரிலும் விமான நிலையம் இருக்கலாம். அங்கிருந்து வரும் மெட்டார் என்ற வானிலைக் குறிப்பு பொதுவில் கிடைக்கும். அதில் எஃப்யூ என்று இருந்தால் புகை, டியூ என்றால் தூசி, பிஎல்டியூ என்றால் காற்று கிளப்பும் புழுதி, எச்இசட் என்றால் மங்கல். பக்கத்திலேயே பார்வைத் தூரம் மீட்டரில் (அமெரிக்கா, கனடாவில் மைலில்) இருக்கும். மனிதர் கண்ணாலோ கருவியாலோ தரையில் நின்று பார்த்த தகவல் என்பதால் இதற்கு மதிப்பு அதிகம்.

தரைக்கருவியே கதி என்று ஆகிற நாளும் உண்டு. போகி அன்று விடியற்காலையில் சென்னை மேல் படியும் புகையை எடுத்துக்கொள்ளுங்கள். சூரியன் வருமுன் கொளுத்துவது. பெரும்பாலும் மார்கழிப் பனியோடு கலந்து தரையோடு கிடப்பது. செயற்கைக்கோள் பத்தரை மணிக்கு வரும்போது பாதிக்கு மேல் கலைந்திருப்பது. மீனம்பாக்கத்தின் பார்வைத் தூரம் சொல்லிவிடும் கதையை வேர்ல்டுவியூ சொல்லாது.

இன்றைய வானத்தைப் பார்க்கும்போது

பழைய சம்பவங்கள் சில பழகியபின் நேரடிப் படத்துக்கு வாருங்கள். பிப்ரவரி முதல் மே தொடக்கம்வரை மேற்குத் தொடர்ச்சி மலையில் தீக்காலம். கனடாவின் அளவுக்குப் பெரிய புகைமூட்டத்தை எதிர்பார்க்காதீர்கள், புள்ளிகளும் அங்கங்கே மெல்லிய கீற்றும்தான் தெரியும். டேராடூனில் உள்ள இந்திய வனக் கணக்கெடுப்பு நிறுவனமும் இதே மோடிஸ், வியர்ஸ் புள்ளிகளை வைத்துத்தான் வனத்துறைக்கு எச்சரிக்கை அனுப்புகிறது. புவிநிலைப் படங்களைக் காலையிலும் மாலையிலும் பாருங்கள். சூரியன் சாய்ந்திருக்கும்போது புகையும் புழுதியும் ஒளியை முன்னோக்கிச் சிதறடித்துப் பளிச்சென்று தெரியும். உச்சி வெயிலில் அதே புகை மங்கிவிடும். மதியம் புகை குறைந்துவிட்டது என்று அவசரப்பட்டு எழுதியவர்கள் நிறையப் பேர்.

படத்தைப் பகிர்வதாக இருந்தால் வேர்ல்டுவியூவின் முகவரிப் பட்டையில் இருக்கும் சுட்டியையே பகிருங்கள். தேதி, அடுக்கு, இடம் எல்லாம் அந்தச் சுட்டிக்குள்ளேயே இருக்கும்; பெறுகிறவர் தானே திறந்து சரிபார்க்கலாம். ஸ்கிரீன்ஷாட்தான் அனுப்ப வேண்டுமென்றால் செயற்கைக்கோளின் பெயர், தேதி, யுடிசி நேரம், எந்த அடுக்கு ஆகிய நான்கையும் படத்தின் மேலேயே எழுதிவிடுங்கள். 2020 ஜனவரியில் ஆஸ்திரேலியா முழுவதும் ஒரே நேரத்தில் பற்றி எரிவதுபோல ஒரு படம் உலகம் முழுக்கச் சுற்றியது. ஒரு கலைஞர், ஏறக்குறைய ஒரு மாதத்து நெருப்புப் புள்ளிகளையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து முப்பரிமாணமாக வரைந்தது அது. அவர் அதைச் சொல்லித்தான் வெளியிட்டார். பகிர்ந்தவர்கள் அந்த வரியை விட்டுவிட்டு, நாசா விண்வெளியிலிருந்து எடுத்த புகைப்படம் என்று அனுப்பினார்கள். அந்த மாதிரி ஒன்று உங்கள் குடும்பக் குழுவில் வந்து விழுந்தால், அதே தேதியை வேர்ல்டுவியூவில் வைத்துப் பாருங்கள். இரண்டு நிமிடம் ஆகும்.